அவரு முன்னாடிதான் போறாரு

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்திருங்க. ஆழியாறு தாண்டிட்டாச் சாரல் உள்ள வந்துரும். நீங்களும் வால்பாறைதானுங்களா? நல்லதாப் போச்சு. நாப்பது கொண்டை ஊசி வளைவு, பேச்சுத்துணை இல்லைன்னா எனக்குக் குமட்டிட்டு வரும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசறேன். அப்பப்ப ஒரு 'ம்' போட்டீங்கன்னாப் போதும்.

முட்டி வீக்கத்தைப் பாக்கறீங்களா? அது ஓடுனதுல வந்ததுங்க. ஆமா, ஓடுனது. மாரத்தான். நாப்பத்திரண்டு கிலோமீட்டரு. சிரிக்காதீங்க, இந்தத் தொப்பையை வெச்சுட்டுத்தான் ஓடுனேன். போன வருஷம் இதே ஆடி மாசம், இதே மலையில, இதைவிடக் கேவலமான மழையில.

நானா ஆசைப்பட்டு ஓடலீங்க. ஓட வெச்சான் ஒருத்தன். என்ற சகலை.

எம்பேரு நாச்சிமுத்து. கோமங்கலம் பக்கம் கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். என்ற சம்சாரம் கலாமணி. அவளோட தங்கச்சி பிரேமாவைக் கட்டினவன்தான் இந்தத் தரணிதரன். மாட்டு டாக்டரு. என்னைவிடப் பதினோரு வயசு சின்னவன். ஒல்லியா, ஓங்குதாங்கா இருப்பான். கெட்டவனான்னு கேட்டீங்கன்னா, அங்கதானுங்க பிரச்சினையே. ஒரு பீடி உண்டா, ஒரு சீட்டாட்டம் உண்டா, யாரையாச்சும் ஒரு வார்த்தை தடிச்சுப் பேசுனான்னு உண்டா? ஒண்ணும் கெடையாது. அப்படிப்பட்ட ஒரு சகலை வாய்ச்சா மனுசன் எப்படிங்க நிம்மதியாத் தூங்கறது? எங்க மாமனாரு தோட்டத்துல ஒரு மாடு இருமுனா அவனுக்குத்தான் போன் போகும். நான் போனா, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க"ன்னுட்டு அவரு பேப்பர் படிப்பாரு. அவன் போனா எந்திரிச்சு வாசலுக்கு வருவாரு. பாத்துட்டேதான் இருந்தேன். பொறுத்துட்டேதான் இருந்தேன்.

ஆனா அந்தப் பட்டிப் பொங்கலு இருக்குதே, அதைத்தான் பொறுக்க முடியல. எங்க மாமனாரூட்டுல ஒரு வழக்கமுங்க. தொழுவத்துக்கு முன்னாடி சாணியில வரப்புக் கட்டி, சின்னதாத் தெப்பக்குளம் மாதிரி பண்ணி, தண்ணி ஊத்திப் பூப் போட்டு வெப்பாங்க. அந்த வருஷம் பொறந்த கன்னுக்குட்டியைக் கூட்டிட்டு வந்து அதை மிதிக்க வெக்கோணும். மிதிச்சாத்தான் பட்டி பெருகும். அந்தக் கன்னுக்குட்டிக் கயிறு யாரு கையில இருக்கோணும்? மூத்த மாப்பிள்ளை கையில. இருபத்தி ரெண்டு வருஷமா நாந்தான் புடிச்சேன்.

அந்த வருஷம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் போயி நிக்கறேன். சொந்தக்காரங்க அம்பது பேரு சுத்தி நிக்கறாங்க. தரணி அதுக்கு மூணு நாளு முன்னாடிதான் கோயமுத்தூர்ல ஏதோ மாரத்தான் ஓடி, கழுத்துல மெடலோட படம் எடுத்து எல்லாத்துக்கும் அனுப்பியிருந்தான். அவன் அனுப்பலை, பிரேமா அனுப்புனா. யாரு அனுப்புனா என்ன? எங்க மாமனாரு கயித்தைக் கையில வெச்சுட்டு, "டாக்டரு புடிக்கட்டும். ஓடற ஆளு, கன்னு இழுத்துட்டு ஓடுனாலும் கூடவே ஓடுவாரு. மூத்தவரு போன வருஷம் மாதிரி சாணியில உக்காந்துக்குவாரு"ன்னாரு.

அம்பது பேரும் சிரிச்சாங்க. அதை உடுங்க. கலாமணி சிரிச்சா. என்ற சம்சாரமுங்க. முந்தானையால வாயைப் பொத்திட்டுச் சிரிச்சா. வாயைப் பொத்துனா எனக்குத் தெரியாதா? அந்தத் தரணி என்ன சொல்றான்? "வேண்டாங்க மாமா, அண்ணனே புடிக்கட்டும்." அந்தப் பெருந்தன்மை இருக்குது பாருங்க, அது கன்னத்துல அறைஞ்சதைவிட வலிக்கும். நான் மாட்டுக்குப் பொட்டு வெக்கற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டேன். வயிறு எரிஞ்சுதுங்க. சும்மா சொல்லலை, நெசமாலுமே இந்த எடத்துல எரிஞ்சுது.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன். எந்த ஓட்டத்தைக் காட்டி எங்கையில இருந்து கயித்தைப் புடுங்குனாங்களோ, அதே ஓட்டத்துல அவனை ஒரு தடவை செயிக்கோணும். ஒரே ஒரு தடவை. கலாமணி கண்ணு முன்னாடி.

ஒன்றரை வருஷம் பழகுனேன். விடியக்காலத்துல களத்தைச் சுத்திச் சுத்தி ஓடுவேன். கொப்பரை காயப்போட வர்ற பொம்பளைங்க, "மொதலாளி, நாயி தொரத்துதுங்களா?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். அவன் எந்த ஓட்டத்துக்குப் பேரு குடுக்கறான்னு பிரேமாகிட்டப் பேச்சுவாக்குல தெரிஞ்சுட்டு, என்ற மவளைவிட்டு நானும் அதுக்கே பேரு குடுத்தேன்.

வால்பாறையில வந்து எறங்குன அன்னிக்குப் புடிச்ச மழை, விடியக்காலம் வரைக்கும் நிக்கலை. மழைன்னா கொட்டற மழை இல்லீங்க. கொட்டுனா ஒரு நேரம் ஓய்ஞ்சுரும். இது சாரலு. ஊசி ஊசியாக் குத்தும், காத்து வேற. பத்தடிக்கு அந்தப்பக்கம் ஆளு தெரியாது. பனியன் ஒடம்போட ஒட்டிக்கிச்சு, விரலு மரத்துப் போச்சு. தரணி மஞ்சச் சட்டை போட்டுட்டு வந்தான். எங்கிட்ட வந்து, "அண்ணா, மொத அஞ்சு கிலோமீட்டரு மெதுவாப் போங்க. மலை ஏத்தம், மூச்சு வாங்கிரும்"ன்னான்.

எனக்குப் புத்தி சொல்றான் பாருங்க. ஊதல் ஊதுனதும் எடுத்தேன் ஓட்டம். அவன் சொன்ன அஞ்சு கிலோமீட்டரையும் நாயோட்டமா ஓடுனேன். ஏழாவதுல அவன் என்னைத் தாண்டிப் போறான். தோளைத் தொட்டு, "நல்லாப் போறீங்கண்ணா"ன்னுட்டுப் போறான். அவனுக்கு மூச்சுகூட வாங்கலை.

பதினாலாவதுல ரோடு போன வழியே திரும்பி வரும். முன்னாடி போனவங்க எதுத்தாப்புல வருவாங்க. அந்த நேரம் பாத்து எனக்கு வயித்தைப் பெரட்டுச்சு. தூரத்துல மஞ்சச் சட்டை தெரியுது. அவன் கண்ணுல படக்கூடாதுன்னு தேயிலைச் செடிக்குப் பின்னால குந்தி உக்காந்து வாந்தி எடுத்தேன். அவன் தாண்டிப் போறது கேட்டுது. அவன் பாக்கலைன்னுதான் நெனச்சேன்.

அதுக்கப்புறம் எனக்குப் பின்னாடி ஆளே இல்லீங்க. நாந்தான் கடைசி. ஒரு ஜீப்பு மட்டும் தூரத்துல ஊர்ந்துட்டு வருது, முடியாதவங்களை ஏத்திட்டுப் போக. ஏறிரலாமான்னு இருந்துச்சு.

பதினாறாவதுல ஒரு மேசை. தார்ப்பாயி கட்டி, எஸ்டேட்டுப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு நிக்கறாங்க. கொழுந்து பறிக்கறவங்க, இடுப்புல படுதாவைச் சுத்திட்டு நனைஞ்சு போய் நிக்கறாங்க. யாருக்கும் கூலி இல்லீங்க, தானா வந்து நிக்கறவங்க. என்னைப் பாத்ததும் ஒரு அக்கா, "வாங்க நாச்சிமுத்து அண்ணே!"ன்னுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. நெஞ்சுல இருக்கறது வெறும் நம்பரு. பேரு எப்படித் தெரிஞ்சுது? அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? அம்பத்திரண்டு வயசு ஆளு இந்த மழையில ஓடறான்னு சேதி பரவிருச்சு போலன்னு நெனச்சேன். நெஞ்சு நிமுந்துருச்சு.

அந்த அக்கா பேரு எஸ்தர். காலைப் பாருங்கண்ணேன்னுச்சு. பாத்தா எட்டு அட்டை. காலுறைக்கு மேல கொழுகொழுன்னு தொங்குது. நான் ஆபரேஷன் பண்ணுன ஒடம்புங்க, குடலிறக்கம், குனிஞ்சா இழுக்கும். எஸ்தர் அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு, "நீங்க குனியாதீங்க"ன்னு என்னை உக்கார வெச்சுட்டு, மழைத் தண்ணியில முட்டி போட்டு, உப்பைத் துணியில முடிஞ்சு வெச்சிருந்துச்சு, அதால ஒவ்வொண்ணாத் தொட்டு எடுத்துச்சு. ரத்தம் நிக்கவே இல்லை. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து என்ற காலைத் தொடச்சு விட்டுச்சு. எனக்குக் கூச்சமாப் போச்சு. என்ற ஆத்தாளுக்கு அப்புறம் என்ற காலை யாரும் தொட்டதில்லீங்க.

அப்ப நான் என்ன கேட்டேன் தெரியுங்களா? நன்றின்னு சொன்னேனா? இல்லை. "மஞ்சச் சட்டை போட்டு ஒல்லியா ஒருத்தன் போனானே, எவ்வளவு தூரம் இருக்கும்?"னு கேட்டேன். பொம்பளைங்க ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. எஸ்தர் அக்காதான், "அவரு முன்னாடிதான் போறாரு"ன்னுச்சு.

முன்னாடியா? இரு வர்றேன்னு எந்திரிச்சு ஓடுனேன்.

இருபத்தொண்ணுல இன்னொரு மேசை. அங்கயும், "வாங்க நாச்சிமுத்து அண்ணே." கட்டன் டீ சுடச்சுட நீட்டுனாங்க. மத்தவங்களுக்கெல்லாம் பால் டீ போட்ட பாத்திரம் பக்கத்துல இருக்குது, எனக்கு மட்டும் கட்டன். எனக்குப் பாலு ஆகாதுங்க, குடிச்சா நேரா வெளியதான். மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சுட்டாங்களே, மலை சனம் மலை சனந்தான்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். அங்கயும் கேட்டேன். "அவரு முன்னாடிதான் போறாரு."

இருபத்தேழுல காய்ஞ்ச காலுறை. ஒரு வாத்தியாரம்மா, சின்னப் புள்ளைக்குக் கழட்டற மாதிரி என்ற ஷூவைக் கழட்டி, காலுறையை மாட்டிவிட்டு, கயிறு கட்டிவிட்டுச்சு. முப்பத்திரண்டுல மேசையெல்லாம் பிரிச்சாச்சு. ஒரே ஒரு வயசாளி, எஸ்டேட்டு வாட்ச்மேன், குடையைப் புடிச்சுட்டு நடுரோட்டுல நிக்கறாரு. "எல்லாரும் போயாச்சு, நீங்க வரணும்னு நின்னேன்"னாரு. ரெண்டு ஆரஞ்சு சொளையை உரிச்சு வாயில வெச்சாரு. எங்கையால புடிக்க முடியலீங்க, விரலு மடங்கலை. அப்புறம் மூணு கிலோமீட்டரு, குடையை எனக்குப் புடிச்சுட்டு அவரு நனைஞ்சுட்டே கூட நடந்தாரு. அவருகிட்டயும் அதையேதான் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னாரு. முன்னாடிதான் போறாரு. அந்த ஒரு வார்த்தையில என்னங்க இருக்குது? ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் எனக்குக் காலு கெளம்பிருச்சு. அவனைத் திட்டித் திட்டியே ஓடுனேன். மஞ்சச் சட்டைக்கு ஒரு அடி, கயித்துக்கு ஒரு அடி, கலாமணி சிரிப்புக்கு ஒரு அடி. அப்படித்தானுங்க முடிச்சேன்.

போய்ச் சேர்றப்ப ஏழே கால் மணி நேரம். ஓட்டம் முடியற எடத்துல கட்டியிருந்த அலங்கார வளைவெல்லாம் காத்துல சாஞ்சு கெடக்குது. ரெண்டு பேரு ரிப்பனை மட்டும் கையில புடிச்சுட்டு எனக்காக நிக்கறாங்க. ஒரு பொண்ணு மெடலைக் கழுத்துல போட்டுச்சு. தரணி போர்வையோட ஓடி வந்து போத்திவிட்டான். கன்னமெல்லாம் சிரிப்பு. "நீ எவ்வளவு நேரத்துல முடிச்சே?"ன்னு கேட்டேன். "நான் முடிக்கலீங்கண்ணா. பாதியில காலு புடிச்சுக்கிச்சு"ன்னான்.

பொய் சொல்லக்கூடாதுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எனக்கு வந்த சந்தோஷம் என்ற மவ பொறந்தப்பக்கூட வரலை. அவனுக்குக் காலு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. போர்வைக்குள்ள நின்னுட்டே போனைப் போட்டேன். கலாமணிக்கு. "நான் முடிச்சுட்டேன். உன்ற தங்கச்சி புருஷன் பாதியில நின்னுட்டான்." அப்புறம் மாமனாருக்கு. "மாமா, நான் முடிச்சுட்டேனுங்க. டாக்டரு பாதியிலயே நின்னுட்டாருங்க." அவன் பக்கத்துலதான் நிக்கறான். சிரிச்சுட்டே, எனக்கு இட்லிப் பொட்டணத்தைப் பிரிச்சுட்டு நிக்கறான்.

அவன் வண்டியெடுக்கப் போன நேரம், எஸ்தர் அக்கா மேசை சாமானோட லாரியில வந்து எறங்குச்சு. முடிச்சுட்டீங்களாண்ணேன்னு கையைப் புடிச்சுக்கிச்சு. நான் பெருமையா, "எங்க சகலைக்குத்தான் பாவம், காலு புடிச்சுக்கிச்சாம், முடிக்கலை"ன்னேன்.

"காலு வலியா? யாரு சொன்னா?"ன்னுச்சு. "எங்க மேசைக்கு நல்லாத்தானே வந்தாரு. வந்ததும் நெஞ்சுல குத்தியிருந்த நம்பரைக் கழட்டிக் குடுத்துட்டாரு. எங்க அண்ணன் பின்னாடி வாந்தி எடுத்துக்கிட்டு இருக்காரு, நீலத் தொப்பி, பேரு நாச்சிமுத்து. பாலு ஆகாது, குனிய முடியாது, உக்கார ஒரு ஸ்டூலு போட்டு வைங்கன்னு சொன்னாரு. எங்க பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியாரு பைக்குல பின்னாடி ஏறி, ஒவ்வொரு மேசையா எறங்கிச் சொல்லிக்கிட்டே போனாரு, மேசையைப் பிரிச்சுராதீகன்னு. அவருதான் உங்க கூடப் பொறந்த தம்பின்னு நாங்க நெனச்சோம்."

"அப்புறம் ஏன் முன்னாடி போறான்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"அதுவும் அவரு சொன்னதுதாண்ணே. என்னையக் கேப்பாரு, கேட்டா முன்னாடி போறேன்னே சொல்லுங்க. நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா அவரும் நின்னுருவாருன்னாரு."

புரியுதுங்களா? அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. எல்லாமே தெரிஞ்சிருக்குது. நான் அவன் மேல வயிறெரியறது, களத்தைச் சுத்தி ஓடுனது, எதுக்குப் பேரு குடுத்தேன்ங்கறது. இத்தனை வருஷமும் தெரிஞ்சுட்டேதான் அண்ணா அண்ணான்னு கூப்பிட்டிருக்கறான். அந்த வயித்தெரிச்சலையே புடிச்சு என்னைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டு வந்திருக்கறான்.

கோவத்துல எஸ்தர் அக்காகிட்ட, "அப்ப நீங்க என்ற காலைத் தொடச்சு விட்டதும் அவன் சொல்லித்தானா?"ன்னு கேட்டுட்டேன். அதுக்கு மொகம் மாறிப் போச்சு. "அதெல்லாம் ஒருத்தரு சொல்லியா செய்வாக? மனுசன் கால்ல ரத்தம் ஓடுது"ன்னுட்டு அண்டாவைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்கும் நான் அதுக்கு ஒரு நன்றி சொல்லலீங்க.

எங்கூட்டுல யாருக்கும் இது தெரியாது. அவன் இன்னி வரைக்கும் வாயைத் திறக்கலை, காலு புடிச்சுக்கிச்சுன்னே சொல்லிட்டுத் திரியறான். நானும் சொல்லலை. இந்தத் தைக்கு எங்க மாமனாரு அத்தனை பேரு முன்னாடியும் கயித்தை எங்கையில குடுத்து, "முடிச்ச மாப்பிள்ளை புடிக்கட்டும்"னாரு. கலாமணி மொகத்தைப் பாக்கோணுமே, அப்படி ஒரு பெருமை. தரணிதான் மொதல்ல கை தட்டுனான். நான் ஆசைப்பட்டது அத்தனையும் கெடச்சுதுங்க. அப்பவும் வயிறு எரிஞ்சுது. முன்னைவிட அதிகமா எரிஞ்சுது.

ஏன்னு கேளுங்க. முன்னாடி அவன் ஓட்டத்தைப் பாத்துப் பொறாமைப்பட்டேன். ஓட்டத்துக்கு ஒரு வழி இருக்குது, களத்தைச் சுத்தி ஓடுனா வந்துரும். இப்ப அவன் கொணத்தைப் பாத்துப் பொறாமையா இருக்குது. அதுக்கு எதைச் சுத்தி ஓடறது? செடிக்குப் பின்னால அவன் வாந்தி எடுத்திருந்தா நான் நின்னிருப்பனா? பாத்துட்டு இன்னும் வெரசாத்தான் ஓடியிருப்பேன். அது எனக்கே தெரியுது பாருங்க. அதுலயும் அவன் முன்னாடிதான் போறான்.

ஆனா உடமாட்டேனுங்க. நாளைக்கு விடிஞ்சா இங்க மறுபடியும் மாரத்தான். அவன் ஓடறான், நேத்தே வந்துட்டான். நான் ஓடலை. முட்டி வலின்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். பேரு குடுத்திருக்கறேன், தண்ணி குடுக்கற வேலைக்கு. எஸ்தர் அக்காதான் சேத்துவிட்டுச்சு. கடைசி மேசை எனக்குத்தான் வேணும்னு அடம் புடிச்சு வாங்கியிருக்கறேன். அவனுக்குத் தெரியாது. பழி வாங்காம உடுவனா?

அவனுக்கு டீ ஆகாதுங்க, நெஞ்செரியும். சுக்குத்தண்ணி, பனங்கருப்பட்டி போட்டு. அதுலயும் பச்சை இஞ்சி கலந்துட்டாக் குடிக்க மாட்டான். காலு ஒம்பதாம் நம்பரு, ரெண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கியிருக்கறேன். வலது குதிகால்ல தோலு வழண்டுரும், அதுக்குத் தேங்காயெண்ணெய், எங்க களத்துக் கொப்பரையில ஆட்டுனது. உப்பு முடிச்சு நாலு கட்டியிருக்கறேன். அவனை உக்கார வெச்சு, நான் குனிஞ்சு, இழுத்தா இழுக்கட்டும், குனிஞ்சு அவன் காலைத் தொடச்சு விடோணும். அப்ப அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கோணும். அந்தக் கூச்சம் என்னன்னு அவனுக்கும் தெரியட்டும்.

என்னங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க? அட, பழிதானுங்க இது. வேற என்ன?

ஒரே ஒரு கவலைதான். அவன் வேகத்துக்கு வந்தான்னா, கூட்டத்தோட கூட்டமா ஒரு டம்ளரைப் புடுங்கிட்டுப் போயிருவான், என்ற மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டான். அதனால நான் அங்காளம்மனுக்கு வேண்டியிருக்கறேன். நாளைக்கு நல்லாச் சாரல் அடிக்கோணும். எல்லாரும் போகோணும். மேசையெல்லாம் பிரிச்சுரோணும். அவன் ஒருத்தன் மட்டும் கடைசியா வரோணும். நான் ஒருத்தன் மட்டும் அங்க நிக்கோணும்.